வயதான பெற்றோரைப் பல வருடம் பராமரிக்கப் பணம்: டெல்டா குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம் எங்களுடையது. 2017 ஆவணியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. அதற்குப் பிறகு நாலரை வருடம் இருந்தார். அண்ணன் துபாயில், தம்பி திருப்பூரில். பக்கத்தில் இருந்தது நானும் அம்மாவும். கணக்கு எழுதியது நான். இப்போது உறவிலோ தெருவிலோ ஒரு பெரியவர் படுத்துவிட்டால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வட்டியும் தொகைகளும் 2025-26 நிலவரம்.

ஆஸ்பத்திரிச் செலவுதானே பெரிது? அதற்குக் காப்பீடு இருந்தால் போதாதா?

ஆஸ்பத்திரிச் செலவு ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். அப்பா தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 11 நாள் இருந்தார். அங்கே எங்கள் கையிலிருந்து போனது சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும்தான். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் செலவு ஆரம்பித்தது.

என் நோட்டில் 2018 தை மாதப் பக்கம் இப்படி இருக்கிறது: பகலில் கவனிக்கிற ஆள் 9,000. பிசியோதெரபிஸ்ட் 12 நாள் 3,600. மாத்திரை 2,150. டயப்பர் 2,100. பஞ்சு, டெட்டால், பவுடர் 480. காற்றுப் படுக்கை மோட்டார் ரிப்பேர் 350. மொத்தம் 17,680 ரூபாய். அந்த ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும், இரவு முழுக்க ஓடிய ஃபேனின் கரண்டும், நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதில் பிடித்த சம்பளமும் அந்தப் பக்கத்தில் இல்லை.

ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் ஓடிவந்து கையில் திணித்துவிட்டுப் போவார்கள். பதினாலாவது மாத டயப்பருக்கு யாராலும் அப்படி வர முடியாது. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. அந்த மாதத்துக்கான பணத்தைத்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. எங்களுக்கு என்ன பயம்?

எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொன்னோம். "நெலம் இருக்குல்ல" என்ற ஒரு வார்த்தையை நம்பி டெல்டாவில் எத்தனையோ வீடுகள் எந்த ஏற்பாடும் செய்யாமல் இருக்கின்றன. தயவுசெய்து ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

எங்களுக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். அப்பா படுத்த பிறகு குத்தகைக்கு விட்டோம். ஒரு போகம் சம்பா, மாவுக்கு 2 மூட்டை. ஆக 18 மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ வைத்தால் 1,080 கிலோ. அரசு ஊக்கத்தொகையும் சேர்த்து இப்போது கொள்முதல் நிலையத்தில் சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த விலைக்கே போட்டாலும் வருடத்துக்கு 27,000 ரூபாய். வீட்டோடு தங்கிப் பார்க்கிற ஆளுக்கு இன்று மாதம் 18,000 என்று வைத்தால், 3 ஏக்கர் நிலத்தின் ஒரு வருடக் குத்தகை ஒன்றரை மாதச் சம்பளம்.

அதுவும் தண்ணீர் வந்தால்தான். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப்போனால் வேறு கணக்கு. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் குத்தகைக்காரரிடம் கேட்கவே வாய் வராது. எங்கள் தென்னந்தோப்பை நாங்கள் மாத வருமானமாக நினைத்திருந்தோம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் 40 மரத்தில் 31-ஐச் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அப்பாவுக்கு அவ்வளவு காலம் இல்லை.

நிலத்தை விற்றால் நிச்சயம் பெரிய தொகை வரும். ஆனால் நினைத்த மாதத்தில் விற்க முடியாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். கூட்டுப் பட்டாவாக இருக்கும். பாகம் பிரிக்காமல் இருக்கும். பதிவு பெற்ற குத்தகைதாரர் இருப்பார். பெண் பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. இதையெல்லாம் சரிசெய்ய ஒரு வருடம்கூட ஆகலாம். அவசரத்தில் விற்கிறவருக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அதனால் நிலத்தை நம்புகிறவர்கள், பெற்றோர் நடமாடும்போதே பட்டாவையும் பாகத்தையும் நேர் செய்துவிடுங்கள். எந்த வயலை முதலில் விற்பது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு வையுங்கள்.

எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்?

உங்கள் ஊரில் படுக்கையில் இருக்கிற ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்று மாதம் எவ்வளவு ஆகிறது என்று இரண்டு வீட்டில் விசாரியுங்கள். 25,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம். ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் என்று தோன்றும். ஆனால் ஆள் சம்பளமும் மருந்தும் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால் ஐந்து வருடத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடுகிறது. இதிலிருந்து பென்ஷன், வட்டி, குத்தகை, பிள்ளைகள் உறுதியாகத் தருவது எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் தேட வேண்டிய தொகை.

ஒன்றை மறக்காதீர்கள். பல வீடுகளில் அப்பா முதலில் படுக்கிறார், கையிருப்பு முழுவதும் அவருக்குப் போகிறது, அதன்பின் பத்து வருடம் இருக்கிற அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்பாவைத் தூக்கித் திருப்பிப் போட்டு இடுப்பு போனதும் அந்த அம்மாவுக்குத்தான். ஆகவே கையில் இருப்பதை முதல் நாளே இரண்டாகப் பிரியுங்கள். அம்மாவின் பங்கு என்று ஒரு டெபாசிட் தனியாக, அவர் பெயரில் இருக்கட்டும். அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரிட்டையர்மென்ட் பணத்தை எங்கே போடலாம்?

மாதாமாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைக்கு வருகிற மாதிரி, போட்ட முதல் பாதுகாப்பாக இருக்கிற மாதிரி. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 விழுக்காடு, ஐந்து வருடம். போட்ட நாளின் வட்டியே கடைசிவரை கிடைக்கும். 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய் வரும். கூட்டாகப் போடுவதென்றால் கணவன் மனைவி மட்டும்தான் சேரலாம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை, வட்டி 7.4 விழுக்காடு. 15 லட்சம் போட்டால் மாதம் 9,250 ரூபாய்.

எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குப் பூட்டாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் ஏறும்போது அதுதான் கை கொடுக்கும்.

நூற்றுக்கு மாதம் இரண்டு, மூன்று என்று வட்டி சொல்லி வருகிறவர்களிடம் பெரியவர்கள் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இப்படிப் போட்டு இழந்தவர்கள் நிறையப் பேர். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. நிதி நிறுவனங்களில் போட்டதற்கு அது கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது கொடுக்காதா?

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அந்த அட்டையில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் ஒரு திட்டம் தொடங்கியது. தனியார் மருத்துவக் காப்பீட்டிலும் 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்றிருந்த தடை 2024 ஏப்ரலில் நீங்கியது. எல்லாம் நல்லதுதான், எடுத்து வையுங்கள். ஆனால் இவை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்கிற சிகிச்சைக்கானவை. வீட்டில் ஆள் சம்பளம், டயப்பர், கஞ்சி, காற்றுப் படுக்கை எதற்கும் வராது. காப்பீடு செய்கிற உதவி வேறு: எதிர்பாராத ஒரு ஆபரேஷன் வந்து பராமரிப்புக்கு வைத்திருந்த பணத்தைத் தின்றுவிடாமல் அது காக்கும்.

டெபாசிட் அப்பா பெயரில் இருக்கிறது, நாமினி அம்மா. பிறகென்ன?

இந்த இடத்தில்தான் நாங்கள் அடிபட்டோம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவர். பென்ஷன் கிடையாது. கடைசியில் வந்த பணத்தில் 6 லட்சத்தை ஒரு வங்கிக் கிளையில் தன் பெயரில் மட்டும் போட்டு, அம்மாவை நாமினியாக எழுதியிருந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "நாமினிக்கு அவர் இறந்த பிறகுதாம்மா தர முடியும்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஒரு வாரம் வங்கி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

மூன்று முறை நடந்தும் ஆகவில்லை. கையெழுத்துப் போட முடியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்கலாம், இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. அந்தக் கிளையில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாலாவது முறை அப்பாவையே ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். புதிதாக வந்திருந்த ஓர் அதிகாரி மைப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். அப்பாவின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் படிவத்தில் வைத்தார். வேலை முடிந்தது. அப்பா அந்த நீலப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை அதை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தார். எத்தனை பேருடைய ரேகைக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஆகவே இன்றே செய்யுங்கள். சேமிப்புக் கணக்கு, டெபாசிட் இரண்டையும் கணவன் மனைவி பெயரில், அல்லது நம்பிக்கையான ஒரு பிள்ளையையும் சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறைக்கு மாற்றுங்கள். டெபாசிட்டைக் கெடு முடியும் முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்கிற வங்கிகள் உண்டு. ஒருவர் போட்டாலே போதும் என்ற ஒப்புதலையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாமினி இருப்பதும் அவசியம்தான். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினியாக வைக்கலாம். ஆனால் நாமினி உதவுவது மரணத்துக்குப் பிறகு. பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் கூட்டுக் கணக்குதான் உதவும். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

பவர் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் சமாளிக்கலாம் என்கிறார்களே?

பவர் என்பது தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் தருகிற பத்திரம். எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்வரை செல்லும். அவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவரும் போய்விடும். பவர் மிகவும் தேவைப்படுகிற நேரமே அதுதான். அதன்பின் அவர் சொத்தை விற்க வேண்டுமென்றால் காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். கோமாவில் உள்ளவர்களுக்காகக் குடும்பத்தார் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். மறதி லேசாகத் தொடங்குகிறது என்று தெரிந்தால், அப்பாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவதைப் போலவே பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அந்த மாதமே அழைத்துப் போங்கள்.

வீட்டை இப்போதே பிள்ளை பேரில் எழுதி வைத்துவிட்டால் நிம்மதி இல்லையா?

பிள்ளைக்கு நிம்மதி. பெற்றவர்களுக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் எழுத முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000. விற்பனைப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. "செலவு கம்மி, இப்பவே முடிச்சிடலாம்ப்பா" என்று பேச்சு ஆரம்பிப்பது இதனால்தான். ஆனால் செட்டில்மெண்ட் எழுதிய நிமிடமே சொத்து கைமாறிவிடுகிறது. பிறகு மனம் மாறினால் தானாக ரத்து செய்ய முடியாது. நாளைக்கு மருத்துவத்துக்குப் பணம் வேண்டுமென்றால், தன் வீட்டை அடமானம் வைக்க மகனின் கையெழுத்தைத் தேடிப் போக வேண்டும்.

உயில் அப்படியில்லை. உயிரோடு இருக்கும்வரை சொத்து அவர்களுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வழக்கு குறையும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. முடிந்தால் குடும்ப டாக்டரைச் சாட்சியாகக் கேளுங்கள்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவாகிவிட்டால் இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஒன்று, எழுதிக் கொடுப்பவருக்கும் அவர் துணைக்கும் ஆயுள்வரை குடியிருக்கவும் வருமானம் எடுக்கவும் உரிமை உண்டு என்பது. இன்னொன்று, உணவு, உடை, மருத்துவம், பராமரிப்பு தருவதே இந்தப் பத்திரத்தின் நிபந்தனை என்பது.

எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பார்க்க மாட்டேன் என்கிறான். வழி உண்டா?

உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை; எங்கள் பக்கம் மன்னார்குடி, திருவாரூர். மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி மீது மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம்.

பத்திரத்தில் நிபந்தனை எழுதவில்லையே என்று பலர் மனுவே கொடுப்பதில்லை. ஒரு தாய் மகனுக்கு எழுதிய செட்டில்மெண்டை நாகப்பட்டினம் கோட்டாட்சியர் ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தது என்பதிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2022-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்ற கருத்தில் ஒரு தீர்ப்பு கொடுத்திருப்பதால், புதிதாக எழுதுகிறவர்கள் வாசகத்தைச் சேர்த்தே எழுதுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது.

வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாமாமே?

2007-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வகுத்த திட்டம் அது. 60 வயதானவர், தான் சம்பாதித்துக் கட்டிய, தான் குடியிருக்கும் வீட்டை வைத்து மாதத் தொகை பெறலாம். ஆயுள்வரை அங்கேயே இருக்கலாம். வயலை வைத்து வாங்க முடியாது. இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது: கும்பகோணம், மாயவரம், திருவாரூர் போன்ற ஊர்களில் வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையதோ மடத்துடையதோ என்று ஏராளமான வீடுகள். அவற்றை எந்த வங்கியும் எடுக்காது. அப்படிப்பட்ட வீட்டைப் பராமரிப்புப் பணமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகையை வைத்துச் சமாளிக்கலாமா?

ஒரே தடவை வருகிற செலவுக்கு வைக்கலாம்: கட்டில், ஆபரேஷன் மாதிரி. மாதச் செலவுக்கு வைக்காதீர்கள். மீட்கப் பணம் எங்கிருந்தும் வராது, வட்டிதான் ஏறும். தேவையென்றால் ஒரு நகையை விற்றே விடுங்கள்.

நாங்கள் நாலு பேர். யார் எவ்வளவு கொடுப்பது?

சமமாக என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் கூட இருந்து மலம் துடைக்கிறவருடைய பங்கை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 2019-ல் அம்மா வழுக்கி விழுந்த பிறகு நான் தனியார் பள்ளி வேலையை விட்டேன். மாதம் 9,500 ரூபாய் சம்பளம். அண்ணன் தன் பங்கு பத்தாயிரத்தை அனுப்பிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் தரவில்லை என்று ஒரு பேச்சு உறவில் வந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அண்ணன்தான் அதைத் தீர்த்தான். லீவில் வந்தவன் எங்கள் மூவரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதினான். அவன் 15,000. தம்பி 5,000. தங்கச்சி, அதாவது நான், பார்த்துக்கொள்வதற்கு மாதம் 9,500 என்று மதிப்பு. அதில் பாதி அவள் பங்கு, பாதியை அண்ணனும் தம்பியும் அவள் கணக்கில் போட வேண்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மாதம் முதல் தேதி செலவு நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு பணத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்வது மருமகள் என்றால், அவருக்கும் இப்படி ஒரு தொகை எழுதுங்கள். அவர் வேண்டாம் என்பார். எழுதி அவர் கணக்கிலேயே போடுங்கள்.

அரசிடமிருந்து என்ன கிடைக்கும்?

ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். எங்களுக்கு இது கடைசி ஆறேழு மாதம் கிடைத்தது, பிசியோதெரபிச் செலவு அப்படியே மிச்சமானது. பார்க்கின்சன் போன்ற நோய்க்கும், கடுமையான உடல் ஊனத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. முதியவர்தானே என்று யாரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்குவதில்லை. வாங்குங்கள். அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். பிறந்த தேதி ஆவணத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வாழ்நாள் சான்றுக்குப் படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கு வந்தே பதிவு செய்வார்.

முதியோர் இல்லத்தில் சேர்த்தால் செலவு குறையுமா?

நடமாடுகிறவருக்குக் குறையலாம். படுக்கையில் இருப்பவருக்குப் பல இல்லங்களில் தனிக் கட்டணம். முன்பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் மாதத்துக்கும் கட்டணமா, நோய் முற்றினால் வைத்துக்கொள்வார்களா, சமூக நலத்துறையில் பதிவு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேர்ப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. பார்க்க யாருமில்லாத வீட்டில் ஒருவரைத் தனியே விடுவதைவிட அது நல்லது.

இதையெல்லாம் பெற்றோரிடம் எப்படிக் கேட்பது? சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறதே.

நானும் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிந்தபோது அவருக்குப் பேச்சு இல்லை.

அம்மாவிடம் போன பங்குனியில் கேட்டேன். சொத்து, உயில் என்று ஆரம்பிக்கவில்லை. "அப்பாவப் பார்த்த மாதிரி உன்னப் பார்க்கணும்னா, நீ எப்படி வேணும்னு சொல்லும்மா" என்றேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் புடைத்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். பாஸ்புக், டெபாசிட் ரசீது, ஆதார், இரண்டு வளையல்.

"மூக்குல கொழா வேண்டாம். திருப்பூருக்கெல்லாம் தூக்கிட்டுப் போவாதீங்க, இங்கயே வையுங்க. காசு பத்தலன்னா வாய்க்கா ஓர மூணு மாவ வித்துக்கங்க. தோப்ப கடைசியா வையி" என்றார். நான் நோட்டில் எழுதிப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டார். அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வங்கிக்குப் போய் அவர் கணக்கில் என் பெயரையும் சேர்த்தோம்.